சோப்புக் கன்னிமார்

இப்போது சிரிப்பு வரும். அவசரப்படாதீர்கள். பெரியோர்களே, தாய்மார்களே, இன்னும் சற்று நேரத்தில், நேரத்தில், நேரத்தில்... இது தேர்த் திருவிழா மைக்செட்டுக் குரல், எதிரொலியையும் நானே போட்டுக்கொள்வேன். இந்தக் கிளைச் சிறையில் இதுவரை யாரும் சிரிக்காத சிரிப்பு ஒன்று வரப்போகிறது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சேட்டு வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சேட்டு என்னோடு ஒரே செல்லில் இருப்பவன், பைக் திருட்டுக் கேஸ். எப்போடா என்று புருவத்தைத் தூக்குகிறான். இருடா, பழுக்கட்டும் என்று நான் கண்ணாலேயே சொல்கிறேன். சிரிப்பைப் பழுக்கவிடத் தெரியாதவன் மிமிக்ரி பண்ணக் கூடாது. நான் பண்ணுவேன். கண்டக்டர், நியூஸ் வாசிக்கிறவள், ரயில் வரும்போது பேசும் பொம்பளை, பழைய இரும்பு ஈயம் பித்தளைக்காரன், எங்கள் தெரு நாய், அந்த நாயைத் திட்டும் கிழவர், எல்லாரும் என் தொண்டையில் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறார்கள். டி.எஸ்.பி. குரலில் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, "என்னய்யா, அந்தப் பையனோட வண்டிய விட்டாச்சா இல்லியா?" என்றேன். வண்டியை விட்டுவிட்டார்கள். அப்புறம் என்னைப் பிடித்துவிட்டார்கள். கோர்ட்டில் மாஜிஸ்திரேட் அம்மா, "எங்கே, எப்படிப் பேசினே?" என்றார். பேசிக் காட்டினேன். டவாலிகூடச் சிரித்துவிட்டார். அம்மாவும் சிரித்துக்கொண்டேதான் ரிமாண்ட் எழுதினார். பதினெட்டு முடிந்துவிட்டதாம், பெரியவர்கள் ஜெயிலாம். வந்த அன்றே எனக்கு இங்கே மைக்செட்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன். காலையில் கஞ்சி முடிந்ததும் குளியலறைச் சுவருக்குப் பின்னால் நின்று, வார்டர் தனபால் குரலில், அந்த வெற்றிலை அடக்கிய குரலில், ஒரு கூப்பாடு போட்டேன். "கன்னியப்பன்! மனு!" அவ்வளவுதான். மனு என்றால் வீட்டிலிருந்து பார்க்க வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கன்னியப்பனுக்கு இங்கே வந்ததிலிருந்து ஒரு மனுகூட வந்ததில்லை. இப்போது புரிகிறதா சிரிப்பு? சிரிக்காதீர்கள். இன்னும் இருக்கிறது.

இங்கே மனுவுக்கு இரண்டு கூப்பாடு. முதல் கூப்பாட்டுக்கு முகம் கழுவி, சட்டை மாட்டி, உள்கேட்டு ஓரம் இருக்கிற சிமெண்டுத் திட்டில் போய் உட்கார வேண்டும். இரண்டாவது கூப்பாட்டுக்குக் கேட்டு திறக்கும், கம்பிவலைக்குப் போகலாம். முதல் கூப்பாடு என்னுடையது. இரண்டாவது வராது. வரும் வரும் என்று அந்த ஆள் கழுத்தை நீட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பான், கேட்டைப் பார்ப்பான், தொண்டையைக் கனைப்பான், கடைசியில் வார்டரிடம் போய்க் கேட்பான், வார்டர், "எவன்டா உன்னைக் கூப்பிட்டது எலிப்பானை?" என்பார், அப்போது மொத்த முற்றமும் வெடிக்கும். இதுதான் திட்டம். எலிப்பானை என்பது நாங்கள் அவருக்கு வைத்த பெயர். இருளர். வயல் வரப்பில் எலி பிடிக்கிற ஜனம். எவனுடைய கிணற்று மோட்டாரோ காணாமல் போனது, இவரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். நான் எடுக்கலை என்று இவர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய், இப்போது கேட்டால் வெறுமனே கையை விரிக்கிறார். நானும் இந்தத் திட்டில்தான் இருக்கிறேன், எனக்கு நிஜமாகவே மனு, அம்மா வரும் நாள். அதனால்தான் இந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன். முன்வரிசை சீட்டு. பக்கத்திலேயே உட்கார்ந்து முகத்தைப் பார்க்கலாம், அப்புறம் அந்த முகத்தையும் செய்து காட்டலாம். அவர் வந்தார். ஓடி வருவார் என்று நினைத்தேன். நடந்துதான் வந்தார். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்திருந்தார், காது மடலில் இன்னும் சொட்டுகிறது. ஈரத்தலையோடு யாராவது மனுவுக்கு வருவானா? என் வாய்க்குள் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. மடியில் ஒரு துணிமூட்டை. "உனக்கும் மனுவா தம்பி?" என்றார். "ஆமாண்ணே." "எனக்கும்தான்," என்றார். எனக்கும்தான் என்று சொன்ன விதம் இருக்கிறதே, புதுச் சட்டையைத் தொட்டுக் காட்டுகிற மாதிரி சொன்னார். அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நாக்கைச் சுழற்றிப் பார்த்தேன். பிடிபடவில்லை. பரவாயில்லை. "வக்கீல் சாரு சொன்ன சொல்லு தப்பல பாத்தியா. வீட்டாண்ட சொல்லி அனுப்புறேன்னாரு. தேசம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பஸ்ஸு நம்பர் தெரியாது. யாரக் கேட்டு யாரக் கேட்டு வந்து சேந்துச்சோ." தேசம்மா அவர் பெண்சாதி. சேட்டு அங்கிருந்து கையை ஆட்டுகிறான், என்ன சொல்றாரு என்று. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மூட்டையை அவிழ்க்கிறார். எனக்குத் தெரியும் அதற்குள் என்ன என்று, எல்லாருக்கும் தெரியும். ராத்திரி வெளிச்சம் அணைகிற வரைக்கும் மூலையில் எதையோ கிள்ளிக்கொண்டும் சுருட்டிக்கொண்டும் இருப்பாரே, அதுதான். விளையாட்டுச் சாமான் என்று நினைத்தோம். பிள்ளை இல்லாத வீட்டில் கிழவன் துள்ளி விளையாடுகிறான் என்று சேட்டு சொல்வான். வார்டர்கள் ஒருதடவை கொட்டிப் பார்த்துவிட்டு, ஆணியும் இல்லை பிளேடும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். இப்போது பகல் வெளிச்சத்தில், என் முழங்காலுக்குப் பக்கத்தில், ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். ஈர்க்குச்சியில் ஒரு குடிசை, கூரைக்குத் துண்டின் நூலைப் பிரித்து வேய்ந்திருக்கிறார், தீப்பெட்டிக்குள் போய்விடும். பற்பசைக் குழாய்த் தகட்டைச் சுருட்டி ஒரு கடப்பாரை. சப்பாத்தி மாவும் செங்கல் தூளும் குழைத்து ஒரு பானை, புளியங்கொட்டை அளவு. பானையின் அடியில் ஓட்டை. "இது எதுக்குண்ணே ஓட்டை?" கேட்டது நான்தான், ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. "வைக்கோலு போட்டு நெருப்பு வச்சி, பானை வாய எலி வளைல வச்சி, இந்த ஓட்டைல ஊதுறது. பொகை உள்ள போச்சுன்னா எலி அந்தாண்ட வரும்." அவர் பானையைத் தூக்கி நிஜமாகவே ஊதிக் காட்டினார். உதட்டைக் குவித்து, கன்னம் உப்ப. எலிப்பானை. எங்கள் வாயில் வசவாக இருந்த அந்தச் சாமான் அவர் விரல் நுனியில் உட்கார்ந்திருக்கிறது, எவ்வளவு அழகாக இருக்கிறது, வாய்ப்பகுதியில் ஒரு கோடுகூடக் கீறியிருக்கிறார். மிட்டாய்க் காகிதங்களை ஈர்க்குச்சியில் கட்டி வரிசையாகக் கூடாரம். பச்சை, சிவப்பு, ஜிகினா. "இதெல்லாம் பொடவ," என்றார். "கடக்கரைல பொடவையக் கட்டித்தான் தங்குவோம். மாசி மகத்துப் பௌர்ணமிக்கு எங்க ஜனமே வந்து மணல்ல எறங்கிடும். நீ பாத்தது இல்லியா?" பார்த்திருக்கிறேன், செல்போன் வீடியோவில். யாரோ எடுத்துப் போட்டிருந்தான், நான் அதற்கு கிரிக்கெட் கமெண்டரி குரல் கொடுத்துப் போட்டேன். நிறையப் பேர் சிரித்தார்கள். சிரிப்பு. ஆமாம், சிரிப்பு வரும் என்று சொன்னேனே. வரும். கொஞ்சம் பொறுங்கள்.

கடைசியாக ஒரு தனி முடிச்சு. அதை அவிழ்க்கும் முன்பு கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். நீலத் துணி சோப்பில் செதுக்கிய பெண்கள், கட்டை விரல் உயரம், ஏழு பேர். பின்னல் இருக்கிறது, மூக்குத்திக்குப் புள்ளி இருக்கிறது, கண் மட்டும் இல்லை. முகத்தில் அந்த இடம் வழவழப்பாக, மூடியிருக்கிறது. "கன்னிமாரு, எங்க சாமி," என்றார். "எம் பொண்ணு பவுனுக்குக் கலியாணம். இந்தப் பௌர்ணமி விடிஞ்சா கடக்கரைல தாலி கட்டுறாங்க. எங்க வகையறாவுல பொண்ணோட அப்பன்தான் கன்னிமார மணல்ல புடிச்சு வைக்கணும். வேற கை படக் கூடாது. நான் இங்க கெடக்கேன். மணலு இங்க இல்ல. அதான் சோப்புல புடிச்சேன். சோப்பும் கரையும் இல்ல? அல வந்து எடுத்துக்கும்." நான் தலையாட்டுகிறேன். கன்னியப்பன் திட்டில் கிடந்த துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கு முறித்து, பல்லால் கடித்துக் கூராக்குகிறார். "என்னண்ணே பண்றீங்க?" "கண்ணு தொறக்கணும். தேசம்மா கைல குடுக்கும்போது கண்ணு தொறந்து குடுக்கணும், அதுக்குத்தான் தலைக்கு ஊத்திக்கினு வந்தேன். முன்னாடியே தொறக்கக் கூடாது தம்பி. கண்ணு தொறந்த கன்னி செவுத்துக்குள்ள ராத் தங்கக் கூடாது. அது தண்ணியப் பாத்துப் போய்க்கினே இருக்கணும். அடைச்சி வச்சோம்னா கலியாணப் பொண்ணுக்கு ஆகாது. எங்க பெரியப்பா பொண்ணுக்கு அப்பிடித்தான் ஆச்சு."  முதல் கன்னியை இடது உள்ளங்கையில் படுக்க வைத்து, ஈர்க்கு நுனியால் ஒரு புள்ளி. இன்னொரு புள்ளி. ஊதுகிறார். சோப்புத் துகள் என் கால்மேல் விழுகிறது. முதல் கன்னி என்னைப் பார்க்கிறாள்.

சொல்லிவிடலாம். இப்போதே சொல்லிவிடலாம், ஒன்றுதானே திறந்திருக்கிறது. அண்ணே, சும்மா ஒரு தமாஷ். தமாஷ் என்ற சொல்லே வாயில் புளித்துப்போகிறது. அல்லது தொட்டிப் பக்கம் போய் தனபால் குரலிலேயே இன்னொரு கூப்பாடு போட்டால் என்ன? கன்னியப்பன் மனு கேன்சல், வீட்டுக்காரங்க கெளம்பிட்டாங்க. கேட்டுக்கு வெளியே வரை வந்து, நின்று, பார்க்காமல் போய்விட்டாள் என்று நினைப்பாரே. எந்த பஸ்ஸில் ஏறினாளோ, சாப்பிட்டாளோ என்று அந்த மூலையில் உட்கார்ந்து வருஷக்கணக்காக நினைப்பாரே. வராத ஒருத்தியை வரவைத்தேன், இப்போது திருப்பி அனுப்பவும் நானேயா? இரண்டாவது கன்னிக்குக் கண் வந்துவிட்டது. சரி, இன்னொரு வழி. அம்மா வருகிறாள். அம்மாவின் கூடையில் இந்த மூட்டையை வைத்து அனுப்பலாம், கடற்கரைக்கு பஸ் இருக்கிறது, அம்மா திட்டிக்கொண்டே போவாள், ஆனால் போவாள், அழுக்குத் துணி தொடுகிற மாதிரி இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போவாள். ஆனால் அதற்கும் முதலில் தேசம்மா வரவில்லை என்று சொல்ல வேண்டும். வரவில்லை என்றால் யார் கூப்பிட்டது என்று வரும். எந்தச் சந்தில் புகுந்தாலும் அதே முட்டுச்சுவரில் கொண்டுபோய் விடுகிறது. மூன்றாவது கன்னி. இவளுக்குக் கண்ணைக் கொஞ்சம் அகலமாகத் திறக்கிறார். "இது மூணாமவ, பயந்தவ," என்று சிரிக்கிறார். அவர் சிரிப்பதை நான் இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். இதோ, சிரிப்பு வரும் என்று சொன்னேனே, வந்துவிட்டது, ஆனால் தப்பான வாயில் வந்திருக்கிறது. சேட்டு தொட்டிக்குப் பின்னாலிருந்து கை விரலைச் சுழற்றுகிறான், முடிடா சீக்கிரம் என்று. முகம் சிவந்து, தோள் குலுங்க, அவன் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருக்கிறான். தூரத்திலிருந்து பார்த்தால் இது இன்னும் ஜோக்தான் போலிருக்கிறது. ஈரத்தலை, சோப்புப் பொம்மை, ஈர்க்குச்சி. கிட்டே உட்கார்ந்தது தப்பாகப் போயிற்று. முன்வரிசை சீட்டு கேட்டேனே. 

உள்கேட்டின் கொண்டி கிறீச்சிடுகிறது. தனபால். நிஜத் தனபால், வெற்றிலையோடு. கையில் பெயர்ச் சீட்டு.  கன்னியப்பன் கன்னிமார் விழுந்துவிடாமல் துணியைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்து நிற்கிறார், முதுகு வளைந்து, முழங்கால் மடங்கி, கூப்பிட்டால் ஓடவும் கூப்பிடாவிட்டால் உட்காரவும் தயாரான ஒரு நிலை. "ராஜவேலு. அந்தோணி. டேய் லோகநாதன், உங்கம்மா வந்து நிக்குது, வா." கேட்டைத் திறந்து வைத்துவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். இரண்டு பேர் எழுந்து போனார்கள். லோகநாதன் என்பது நான்தான். நான் எழுந்திருக்கவில்லை. கன்னியப்பன் மெதுவாக உட்காருகிறார். முகம் வாடும் என்று பார்க்கிறேன், வாடவில்லை. "பொம்பள ஆளு இல்ல. பின்னாடி நின்னுக்கினு இருக்கும். முன்னாடி வா, பேரச் சொல்லுன்னா சொல்லாது. கூட்டம் போவட்டும்னு நிக்கும். ஒனக்கு எம்மாம் பெரிய தொண்டை, நீ உள்ள போயி தேசம்மா, ஒம் புருசன் இங்கதான்கீறாருன்னு ஒரு சத்தம் குடு தம்பி. செய்யிறியா?" செய்கிறேன் என்று என் தலை ஆடுகிறது. தலைக்குத்தான் என்ன கேடு. "போ, அம்மா காத்துனு இருக்காங்க." வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சந்தைக்கடை இரைச்சல் வருகிறது, அதற்குள்ளிருந்து என் அம்மா, "லோகூ... லோகூ..." என்கிறாள். அந்த இரண்டாவது லோகூவில் குரல் லேசாகக் கீறும், கவலைப்பட்டால் மட்டும் கீறும். எனக்கு அதைச் செய்யத் தெரியும், நூறு தடவை செய்து காட்டியிருக்கிறேன், சேட்டுவுக்குக் கண்ணில் தண்ணீர் வரும் சிரித்துச் சிரித்து. அம்மா கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாள்? எழுந்து போ, லோகு. போய் முறுக்கு வாங்கிக்கொள், அழு, ஜாமீன் என்னாச்சு என்று கேள். நீ போய்விட்டால் இவரே தனபாலிடம் கேட்டுக்கொள்வார், உன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. நல்ல யோசனை. கால் நகரவில்லை. நான் போய்விட்டால் இவர் எல்லாக் கண்ணையும் திறந்துவிடுவார். நான் இருந்தாலும்தான் திறந்துகொண்டிருக்கிறார். நாலாவது, ஐந்தாவது, திறந்தாயிற்று. வரிசையாகத் துணியின் மேல் நிற்கிறார்கள், மிட்டாய்க் காகிதக் கூடாரத்துக்கு முன்னால், கிழக்கே பார்த்து. கிழக்கே குளியலறைச் சுவர். நான் நின்று கூப்பிட்ட சுவர்.

ஆறாவது. பேசு. ஒரே ஒரு வரி. யாரும் வரலைண்ணே. நான்தான். என்ன பெரிய பாரம், மூன்று சொல். ஆனால் எந்தக் குரலில் சொல்வது? வக்கீல் குரலில் சொன்னால் மரியாதையாக இருக்கும். நியூஸ் குரலில் சொன்னால் யாருக்கோ நடந்த மாதிரி இருக்கும். சின்னப் பையன் குரலில் சொன்னால் மன்னித்துவிடுவார். சீ, இப்போதும் கடை போட்டு விலை பார்க்கிறேன் பார். என் குரல் என்று ஒன்று இருக்குமே, அம்மாவிடம் பசிக்குது என்று சொல்கிற குரல், அது எங்கே போய்த் தொலைந்தது? தேடுகிறேன், தொண்டைக்குள் ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறேன், கண்டக்டர் எட்டிப் பார்க்கிறான், பழைய இரும்புக்காரன் எட்டிப் பார்க்கிறான், எல்லாரும் நமக்கென்ன என்று கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். கன்னியப்பன் ஏழாவதை எடுத்துவிட்டார். இதுதான் சின்னவள். உதடு கொஞ்சம் முன்னால் துருத்தியிருக்கிறது. "பவுனு சின்னதுல இப்பிடித்தான் இருக்கும்," என்கிறார், எனக்குச் சொல்லவில்லை, அவளுக்கே சொல்கிறார். பெண்ணின் முகத்தையே வைத்திருக்கிறார். ஈர்க்கு இறங்குகிறது. ஒரு கண். அம்மா மறுபடியும் கூப்பிடுகிறாள். சோப்புத் துகளை ஊதுகிறார். எலிப்பானையை ஊதிக் காட்டிய அதே குவிந்த உதடு. ஈர்க்கு இன்னொரு கண்ணுக்கு நகர்கிறது, இன்னும் ஒரு நெல் அளவு தூரம், அதற்கப்புறம் ஏழு பேரும் பார்த்துவிடுவார்கள், ராத்திரி வந்துவிடும், சுவர் இருக்கும், பவுனுக்கு ஆகாது, பவுனுக்கு என்று நான் பார்த்தே இராத ஒரு பெண்ணுக்கு, தண்ணீர் ஓரத்தில் புடவைக் கூடாரத்துக்குள் மருதாணி காய்ந்துகொண்டிருக்கிற ஒரு கைக்கு, நான்தான், நான்தான். வாயைத் திறந்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, என்ன வந்தாலும் வரட்டும் என்று, அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "கன்னியப்பா! நிறுத்து! மனு இல்ல!"

வெற்றிலை அடக்கிய குரல். தனபால் குரல். ஐயோ. என் குரல் என்று நினைத்துத்தான் கத்தினேன். முற்றம் முழுக்கக் கேட்டது. தொட்டிக்குப் பின்னால் சேட்டு வெடித்துவிட்டான், துண்டு பறக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர். கன்னியப்பன் திடுக்கிட்டு எழுந்துவிட்டார். கை தானாகக் குவிகிறது, உள்ளங்கைக்குள் ஒற்றைக் கண்ணோடு சின்னவள், விரலிடுக்கில் ஈர்க்கு. கேட்டைப் பார்த்துக் கும்பிட்டபடி, "அய்யா?" என்கிறார். கேட்டு திறந்து கிடக்கிறது, அங்கே யாரும் இல்லை. "அய்யா, வந்துக்கீதுன்னு நீங்கதான..." யாரும் இல்லை. சிரிப்பு வருகிற பக்கம் பார்க்கிறார். காலையில் கூப்பாடு வந்த குளியலறைச் சுவரைப் பார்க்கிறார், நிறைய நேரம் பார்க்கிறார். கும்பிட்ட கை மெல்ல இறங்குகிறது. துணியின் மேல் நிற்கிற ஆறு பேரையும் ஒருமுறை பார்க்கிறார். பிறகு தலையைத் திருப்பி, இன்னும் மூடத் தெரியாமல் திறந்தே கிடக்கிற என் வாயைப் பார்க்கிறார்.